பந்தய லொறிக்குப் படங்கு கட்டிய கதை

எங்கள் முதலாளியின் வீட்டு முற்றத்தில் அந்த வருடம் இரண்டு லொறிகள் நின்றன. ஒன்று வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும் லொறி. மற்றது ஜேர்மனியிலிருந்து பிளேனில் வந்த லொறி. அதன் நீளம் என் முழங்கையை விடக் கொஞ்சம் அதிகம். சண்டையால் கொழும்புப் பாதை மூடிக் கிடந்ததால் பெரியது ஓடவில்லை. ஆகவே எல்லோரும் சேர்ந்து சின்னதைத் திருத்தத் தொடங்கினோம்.

இது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்து இணுவில் பக்கத்தில் பாதை மூடினால் வெங்காயம் முளைக்கும், ஆட்கள் தேத்தண்ணிக் கடையில் முளைப்பார்கள்.

நான் பெரிய லொறியின் கிளீனர். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வந்து சேர்ந்தவன். கிளீனர் என்றால் வண்டி கழுவுகிறவன் மட்டும் அல்ல. நிறுத்தியதும் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது பக்கப் பலகையில் தட்டிக் குரல் கொடுக்க வேண்டும். பாரத்துக்கு மேல் மழை படாமல் படங்கு இழுத்துக் கட்ட வேண்டும். இவற்றோடு, ட்றைவருக்கு நித்திரை வராமல் வழி முழுக்கக் கதை கொடுக்கவும் வேண்டும். மற்ற வேலைகளை நன்றாகச் செய்வேன். கதை கொடுப்பது மட்டும் எனக்கு வராது. எங்கள் ட்றைவர் அண்ணை, நான் வாய் திறக்காத கோபத்திலேயே நித்திரை வராமல் கொழும்பு வரை ஓட்டிவிடுவார்.

அந்த அண்ணை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஜேர்மனிக்குப் போய்விட்டார். ட்றைவரின் இருக்கை காலியானது.

எனக்கு அந்த இருக்கை வேண்டும். லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. "கிளீனர் எண்டு சொன்னவுடனை பொம்பிளைப் பகுதி சாதகத்தைக் கையிலை வாங்கவே மாட்டினமாம். ட்றைவர் எண்டால் வாங்கியாவது பாப்பினமாம்" என்று தரகர் சொன்னதை அம்மா திரும்பத் திரும்பச் சொல்லுவார். இதையெல்லாம் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் எதிரில் நின்றால் எனக்கு "ஓம் முதலாளி" மட்டும்தான் வரும்.

அதே இருக்கையில் இன்னொருவருக்கும் கண் இருந்தது. அவர் முதலாளியின் தங்கையின் மகன், முறைக்கு மருமகன். ஓ.எல்.லுக்கு மேலான ஏ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தவர். சிங்களமும் கொஞ்சம் தெரியும். தெரியாத இடத்தைச் சத்தத்தால் நிரப்பிவிடுவார். அவரும் லைசென்ஸ் வைத்திருந்தார். தங்கை ஒவ்வொரு நாளும் வந்து, "அண்ணை, சொந்தம் இருக்க ஏன் வெளியிலை தேடுறியள்?" என்று கேட்டுவிட்டுப் போவார். முதலாளி என்னைப் பார்ப்பார். "நீ வேலைகாரன்தான்ரா. ஆனால் செக்கிங்கிலை ஆமிக்காரன் மறிச்சால் கதைக்க வேணுமெல்லே. உனக்கு வாய் வராதே" என்பார்.

"ஓம் முதலாளி" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ட்றைவர் அண்ணை முதலாளிக்கு அன்பளிப்பாக அந்தச் சின்ன லொறியை அனுப்பினார். பாதை மூட முந்திக் கலியாணத்துக்காக ஊருக்கு வந்து சேர்ந்த ஒருவர் அதைக் கொண்டுவந்தார். தடித்த ரப்பர் டயர்கள், அவற்றில் முள்ளு முள்ளாய்ப் பல்லு. நாலு சில்லுக்கும் நாலு சுருள் ஸ்பிறிங், ஸ்பிறிங்குக்கு உள்ளே எண்ணெய் நிரப்பிய குழாய். முதுகில் ஒரு கம்பி அன்ரனா, அதே மாதிரி அன்ரனா வைத்த றிமோட் ஒன்று தனியாக. கொண்டுவந்தவர் விளங்கப்படுத்தினார்.

"உதைப் பெரிய மனிசர்தான் அங்கை ஓட்டுகினம். சேத்துக்குள்ளை, மணலுக்குள்ளை விட்டுப் பந்தயம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் டயர் மாத்துவினம், ஸ்பிறிங் மாத்துவினம், மோட்டர் மாத்துவினம்."

"ஏத்திறது?" என்றார் முதலாளி.

"என்னத்தை?"

"பாரம்."

"பாரம் ஒண்டும் ஏத்திறேல்லை."

"அப்ப எங்கை போறது?"

"எங்கையும் போறேல்லை. சுத்திச் சுத்தி வாறதுதான்."

முதலாளி லொறியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "பாவங்கள்" என்றார்.

கிண்டி முடிந்த வெங்காயத் தோட்டத்தில் அதை முதன்முதலாக விட்டுப் பார்த்தோம். வந்தவர் றிமோட்டை அமத்தியதும் அது கிளம்பிய வேகத்தை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. வரம்பில் ஏறிப் பறந்தது, வாய்க்காலைத் தாண்டி விழுந்தது, விழுந்த வேகத்திலேயே திரும்பி வந்து எங்கள் காலடியில் புழுதி கிளப்பி நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"உது லொறியோ, முயலோ? உதிலை வெங்காயம் ஏத்தினால் கிணத்தடிக்குப் போக முதல் எல்லாம் வரம்புக்குள்ளை கிடக்கும்."

அன்றைக்கே கராச்காரரைக் கூப்பிட்டார். கராச்காரர் எங்கள் பெரிய லொறியைப் பல வருடங்களாகத் திருத்திவந்தவர். அவருக்கும் வேலை இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்ன லொறியைக் கவிழ்த்துப் பார்த்தார். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான். ஆனால் முடிக்காமல் அனுப்பிப்போட்டாங்கள்" என்றார்.

முடிக்கும் வேலை தொடங்கியது.

முதலில் மேலே இருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிவிட்டுத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்தோம். பின்பக்கப் பலகை கொண்டி போட்டுத் திறந்து மூடும். அடுத்தது ஸ்பிறிங். சுருள் ஸ்பிறிங் துள்ளும், பாரம் தாங்காது என்று கராச்காரர் சொன்னார். பழைய சுவர் மணிக்கூட்டின் ஸ்பிறிங்கை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய லொறியில் உள்ளது போலவே வில்லுத்தகடு செய்து பூட்டினார். குழாய்க்குள் இருந்த ஜேர்மன் எண்ணெய் தண்ணி போல இருக்கிறது என்று அதை ஊற்றிவிட்டு கியர் எண்ணெய் விட்டார். பிறகு முள்ளு டயர். "உந்த முள்ளெல்லாம் தேய்ஞ்சால் ஆர் மாத்தித் தாறது?" என்று கேட்டு, பழைய மோட்டார்சைக்கிள் டயரிலிருந்து பட்டை சீவி எடுத்து அதன்மேல் ஒட்டினார். இனி அந்த டயர் எங்கள் எல்லோரையும் விட அதிக காலம் இருக்கும் என்று உறுதி சொன்னார்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் அது முந்தியதைவிட மெதுவாகப் போகும். முதலாளியின் முகம் முந்தியதைவிட மலரும்.

"இப்பதான் லொறியின்ரை நடை வருது" என்பார்.

அதனோடு வந்த பற்றரி ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் இறங்கிவிடும். கொழும்பு லொறி வைத்திருப்பவருக்கு அது அவமானம். மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் இறக்கி வயர் கொடுத்தார்கள். பெட்டி நிறைந்துவிட்டது. பாரம் ஏற்றுவதற்காகவே அடித்த பெட்டி இப்போது பற்றரியை மட்டும் ஏற்றியது. அந்தப் பற்றரியின் பலமெல்லாம் பற்றரியை இழுப்பதிலேயே போனது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மருமகன் மட்டும் ஒரு குறை கண்டுபிடித்தார்.

"மாமா, ஹோர்ன் இல்லையே."

ஹோர்ன் வந்தது. முன்னுக்கு டோர்ச் பல்பில் இரண்டு லைற் வந்தது. சில்லுகளுக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் ரப்பர் துண்டுகள் தொங்கின. நெற்றியில் "பிள்ளையார் துணை" என்று எழுதப்பட்டது. என்னிடம் படங்கு வேலை தரப்பட்டது. பழைய படங்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கண் போட்டு, சணல் நூலில் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பெரிய லொறிக்குப் போடும் அதே முடிச்சுத்தான். முதலாளி குனிந்து இழுத்துப் பார்த்தார். "ஜேர்மன்காரனுக்கு உது வராது" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "இருக்கையைப் பற்றி ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.

அந்த நாட்களில் ஆமியின் ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டால் முதலாளி ஓடிப்போய்ச் சின்ன லொறியைச் சாக்கால் மூடுவார். அன்ரனாவைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள் என்பது அவர் பயம். வீடளவு பெரிய லொறி பக்கத்தில் பட்டப்பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும்.

வேலையெல்லாம் முடிந்த பின்னேரம், தேத்தண்ணிக் கடையில் வைத்து முதலாளி தன் முடிவை அறிவித்தார்.

"வாற வெள்ளி கோயிலடியிலை வாகனப் பூசை. பூசை முடிய வாசலிலையிருந்து தோட்டத்துக் கிணத்தடி வரைக்கும் ஓட வேணும். வெங்காயம் ஏத்தித்தான். முதல் மருமகன், பிறகு இவன். ஆர் வெங்காயம் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேக்கிறானோ, அவன்தான் என்ரை பெரிய லொறிக்கு ட்றைவர்."

"விளையாட்டுச் சாமானை வைச்சு வேலை குடுக்கிறதோ?" என்றார் ஒருவர்.

"அரசாங்க வேலைக்கு வைக்கிற சோதினையைப் பாத்தனீரோ ஐசே? அதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார் கடைக்காரர். கடை முழுவதும் அதை ஒப்புக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வரை நாங்கள் இருவரும் பழகினோம். லொறி நம்மை விட்டுப் போகும்போது இடம் இடம்தான், வலம் வலம்தான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இரண்டும் மாறிவிடும். மருமகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லொறி எந்தப் பக்கம் திரும்பினாலும் தானும் சுற்றி ஓடி அதன் பின்னால் போய் நின்றுகொள்வார். ஓட்டம் முடியும்போது லொறிக்கு மூச்சு வாங்காது, அவருக்கு வாங்கும். நான் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் பழகினேன். பெட்டிக்கு முன்னால் நானே சின்னதாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். அப்போது கை தானாகத் திரும்பும். வெள்ளிக்கிழமை அந்த வாசலில் ஊர் முழுக்க நிற்குமே என்று நினைத்தால் மட்டும் விரல்கள் மரத்துவிடும்.

ஊர் முழுக்கத்தான் நின்றது. பாதை மூடியிருந்தால் ஆட்களுக்கு வேறு என்ன வேலை?

சின்ன லொறி கோயில் வாசலில் கிழக்குப் பார்த்து நின்றது. பற்றரிக்கு மேல் வெங்காயப் பிடிகள் அடுக்கி நான் படங்கு கட்டியிருந்தேன். ஐயர் வந்தார். சுற்றிப் பார்த்தார். பெரிய வாகனத்துக்குச் செய்யும் பூசையைக் குறைக்காமல் செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முதலாளியின் பெயர், நட்சத்திரம் சொல்லி அரிச்சனை நடந்தது. முன்பக்கம் சந்தனம், லைற்றுகளில் குங்குமம். அன்ரனாவில் செவ்வரத்தம் மாலை போட்டதும் அன்ரனா வளைந்து வணங்கியது. தேங்காய் உடைத்தார்கள். சில்லுகளுக்கு முன்னால் நாலு தேசிக்காய் வைத்தார்கள்.

புது வாகனம் தேசிக்காயை நசித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் இந்த லொறியின் சில்லு உயரமும் தேசிக்காயின் உயரமும் அநேகமாக ஒன்று. வருடக்கணக்காகச் சில்லுக்குக் கட்டை வைத்தவன் நான். நாலு கட்டை ஒழுங்காக வைத்த வாகனத்தை அடையாளம் காண எனக்கு நேரம் எடுக்கவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ஐயர் மணி அடித்தார்.

மருமகன் றிமோட்டை அமத்தினார். "ர்ர்ர்" என்று சத்தம் மட்டும் வந்தது.

"தேசிக்காய் பெரிசு" என்றார் ஒருவர்.

"தேசிக்காய் பெரிசில்லை, லொறி சின்னன்" என்றார் மற்றவர்.

"ஐயா, காலாலை கொஞ்சம் நசிச்சு விட்டால் என்ன?" என்று கராச்காரர் கேட்டார்.

"சில்லுத்தான் நசிக்க வேணும். நீர் காலாலை நசிச்சால் உம்மடை காலுக்குச் செய்த பூசையாய்ப் போயிடும்" என்றார் ஐயர்.

"முழு வேகம் குடு!" என்று முதலாளி கத்தினார்.

மருமகன் குடுத்தார். லொறி நடுங்கியது. ஹோர்ன் தானாக அடித்தது. அடியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. ஓரமாக நின்ற பெண்கள் சாம்பிராணிப் புகை என்று நினைத்துக் கைகூப்பினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கராச்காரருக்கு மட்டும் விளங்கியது. "ஐயோ, மோட்டர்!"

மருமகன் பதறிவிட்டார். கொஞ்சம் பின்னால் எடுத்து வேகம் பிடித்து வந்தால் ஏறிவிடும் என்று நினைத்திருப்பார். "பின்னாலை எடாதை! முதல் ஓட்டம், பின்னாலை எடாதை!" என்று முதலாளி கத்துவதற்குள் எடுத்துவிட்டார். பின்பக்கம் தேசிக்காய் கிடையாது. வாசல் வேறு சரிவு. இத்தனை நாளும் காட்டாத வேகத்தில் லொறி பின்னோக்கிப் பாய்ந்து, ஆட்கள் கழற்றி வைத்த செருப்புகளுக்குள் புகுந்தது. தேசிக்காயில் ஏறாத சில்லு ஒரு செருப்பின் மேல் ஏறி நின்றது. படங்கு அவிழவில்லை. அதை நான் கவனித்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் செருப்பு முதலாளியின் தங்கையுடையது.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செருப்பையும், அதன்மேல் புகைந்துகொண்டிருந்த லொறியையும் பார்த்தார்.

"அண்ணை, என்ரை பிள்ளைக்கு உந்த வேலை வேண்டாம்."

"என்னடி கதைக்கிறாய்?"

"பூசை போட்ட வாகனம் அவன்ரை கையிலை பின்னாலை போய் என்ரை செருப்பிலை ஏறி நிக்குது. இதுக்குப் பிறகும் அவனைக் கொழும்பு றோட்டுக்கு விடச் சொல்லுறியளோ? நான் விடமாட்டன்."

"எடி, அது விளையாட்டுச் சாமான்!"

"விளையாட்டுச் சாமானுக்கு ஏன் ஐயரைக் கூப்பிட்டனீங்கள்?"

முதலாளி திரும்பி ஐயரைப் பார்த்தார். ஐயர் தட்டத்தைப் பார்த்தார்.

"அம்மா, சும்மா இருங்கோ. பற்றரி பிழை. டயரும் பிழை. அன்ரனாவிலை ஆர் மாலை போடச் சொன்னது?" என்று மருமகன் கராச்காரரில் தொடங்கி ஜேர்மனி வரை ஒவ்வொருவராகக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார். தாய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் பெரிதாக எதிர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. கொழும்புப் பாதையில் அப்போது என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்கும் தெரியும்.

பிற்காலத்தில் அவரும் ஜேர்மனிக்குப் போனார். எல்லை தாண்டிய இடமெல்லாம் லொறியில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துதான் போனாராம். அந்த லொறிகள் முன்னால் போயினவா பின்னால் போயினவா என்று தாய் விசாரிக்கவில்லை.

கூட்டம் கலையவில்லை. இன்னொரு ஆள் மிச்சம் இருந்தது. முதலாளி றிமோட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"நீ ஓடு பாப்பம்."

நான் லொறியைச் செருப்பிலிருந்து இறக்கி, திரும்பவும் கிழக்குப் பார்க்க வைத்தேன். ஊர் முழுவதும் என் விரலைப் பார்த்தது. அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அமத்தினேன். மோட்டர் எரிந்து முடிந்திருந்தது. நான் பழகிய திருப்பம் ஒன்றையும் யாரும் பார்க்கப் போவதில்லை என்று விளங்கியபோது, வெட்கத்தை விடக் கவலைதான் அதிகமாக இருந்தது. அந்த இருக்கை அந்த நாலு தேசிக்காய்க்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"என்னடா?" என்றார் முதலாளி.

"அசையேல்லை, முதலாளி."

"பின்னாலை போகேல்லைத்தானே?"

"இல்லை."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தினார். "அப்ப சரி. நீதான் ட்றைவர்" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தெருவில் சற்றுத் தூரம் போயிருந்த தங்கை திரும்பிப் பார்த்து, "ஓம், உவன் ஓடட்டும். உவனுக்கென்ன" என்றார்.

எனக்கு என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கே தரகரிடம் போனார்.

சின்ன லொறி முதலாளியின் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. படங்கு கட்டியபடியே. வெங்காயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். லொறி நல்லாய் ஓடுது, கொஞ்சம் பெரிய மோட்டர் ஒன்று அனுப்பு என்று ட்றைவர் அண்ணைக்குச் சொல்லி அனுப்பினார் முதலாளி.

பாதை திறந்தது. பெரிய லொறிக்கு வெங்காயம் ஏற்றினோம். புதுக் கிளீனர் கிடைக்கவில்லை. பாதையை நினைத்து யாரும் வரவில்லை. ஆகவே ட்றைவராகிய நானே படங்கு கட்டினேன். பிறகு மறுபக்கம் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்தேன். இருக்கை ட்றைவர் அண்ணையின் உடம்புக்குப் பள்ளமாகி இருந்தது. எனக்கு அந்தப் பள்ளம் பெரிது. ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

புறப்படும் நேரம் முதலாளியின் தங்கை மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் ஒரு துணிப்பொதி. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்குக் கொடுக்க வேண்டுமாம். அதை யன்னலால் என்னிடம் நீட்டினார்.

"தம்பி, பாத்து ஓட்டு. றோட்டெல்லாம் கிடங்காம். செக்கிங்கிலை மறிச்சால் அவசரப்படாதை. மெல்லமாய் நிப்பாட்டு, மெல்லமாய் எடு. இருட்டினால் ஓடவே ஓடாதை, எங்கையாவது நிப்பாட்டிப்போட்டு விடியப் போ."

இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பொதியை இரண்டு கையாலும் வாங்கினேன். "ஓம் அக்கா" என்றேன்.

"உள்ளுக்கை நல்லெண்ணெய்ப் போத்தல் கிடக்குது. மூடி கொஞ்சம் லூஸ்" என்றார்.

கிளீனர் இருக்கும் பக்கத்தில் பொதியை நிமிர்த்தி வைத்து, சரியாதபடி கயிற்றால் கட்டிவிட்டு, லொறியை எடுத்தேன்.